உதடு மூடும் இடம்

— இன்னொரு தடவை ஓட்டறேன். நல்லாப் பாருங்க. பாராட்டு விழாவுல டாக்டரம்மாவோட பையன் மேடைக்கு வந்து "அம்மா"ன்னு ஆரம்பிக்கிறான் இல்ல, அந்த இடம்.

— பார்த்துட்டேன்மா. ஓட்டி ஓட்டித் தேய்ஞ்சே போச்சு. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல.

— "அம்மா"ன்னு சொல்லணும்னா உதடு மூடித்தானே ஆகணும்? இங்க உதடு மூடித் திறந்து, அவன் அடுத்த வார்த்தைக்கே போயிட்டான். அப்புறம்தான் "அம்மா" வந்து சேருது. பொம்மலாட்டம் பார்க்கற மாதிரி இருக்குங்க.

— இருக்காது. படத்தையும் சத்தத்தையும் சேர்த்தது நான். சத்தம் பிடிக்கறதே பொழப்பா இருக்கறவன். கேமரா ஆளுங்க பண்ற கோளாறுக்கெல்லாம்...

— கேமரா ஆளு நான்தாங்க.

— உன்னைச் சொல்லல. நீ மேடைக்கு எதிர்ல நின்னே. பால்கனில நின்னானே ஒரு நெட்டையன், அவனைச் சொல்றேன். மேடைல பேசறது அவன் கேமராவுக்குப் போய்ச் சேரறதுக்குள்ள விடிஞ்சுடும்.

— கேமராவுல பதிஞ்ச சத்தத்தையா போட்டிருக்கோம்? பையன் சட்டைல நீங்க குத்திவிட்ட மைக்கு, உங்க ரெக்கார்டர்ல பதிஞ்சது, அதுதானே ஓடுது? மூணு கேமராப் படத்துக்கும் அந்த ஒரே சத்தம்தான். மூணுலயும் தள்ளித்தான் நிக்குது.

— அப்ப ரெக்கார்டர் கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கும். விழா என்ன சின்ன விழாவா? ஊரே வந்து பாராட்டிச்சு. போகப் போகப் படமும் சத்தமும் விலகும்.

— இது முதல் பேச்சுங்க. அதுக்குள்ள விலக எங்க நேரம்?

— என்ன சொன்னே? கம்ப்யூட்டர்கிட்டயே பேசினா? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு.

— இது முதல் பேச்சு. விலக நேரமே இல்லன்னேன்.

— ம். அந்தப் பையனே போன் பண்ணிக் குறை சொன்னானா?

— பண்ணினான். "அக்கா, அம்மா இதை வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டணும்னு ஆசையா இருக்காங்க. நான் பேசறது எனக்கே டப்பிங் படம் மாதிரி இருக்கு"ன்னான்.

— கோவமாப் பேசினானா?

— கோவமில்ல. பாவமா.

— அதுக்குக் கோவமே தேவலை. சரி, நகத்து. சத்தத்தைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வா.

— கொண்டு வந்துட்டேன். இப்ப?

— இன்னும் கொஞ்சம்.

— இப்ப?

— இரு, உதட்டைப் பார்க்கறேன். இன்னும் ஒரே ஒரு பிரேம். அதோ. அங்கயே விடு. இப்ப கச்சிதமா உக்காந்துருச்சு.

— வாயும் சத்தமும் ஒண்ணா வருதா?

— வருதே. அவனே நேர்ல வந்து பேசற மாதிரி இருக்கு.

— நடுவுல கரகரன்னு ஏதாவது கேக்குதா?

— சட்டை உரசற சத்தம். லேசா இருக்கு. அதை நான் அப்புறம் எடுத்துடறேன்.

— ஏங்க.

— சொல்லு.

— என்னைப் பாருங்க.

— பார்த்துட்டுத்தானே இருக்கேன். சொல்லேன்.

— ஸ்பீக்கர்ல சத்தமே வரல. நீங்க கை கழுவப் போனப்பவே வயரைப் பிடுங்கிட்டேன். இதோ, என் கையிலதான் இருக்கு. திரையில சத்தத்தோட பச்சைக் கோடு ஏறி இறங்குது. அதைப் பார்த்துட்டுத்தான் சொல்றீங்க. இல்லையா?

— புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறியா?

— ஆமா. வேற வழி தெரியல. நேராக் கேட்டா ஜலதோஷம், காது அடைச்சிருக்குன்னு சொல்வீங்க. இல்லன்னா எந்திரிச்சு மாடிக்குப் போயிடுவீங்க. எத்தனை தடவை போயிருக்கீங்க!

— எப்பலேருந்து தெரியும்?

— மாமா வர்றார்னு நான் சொன்னதுக்கு, நீங்க நம்ம பாப்பா வர்றாளாக்கும்னு அவ ரூமை ஒழிச்சுப் பூப்போட்ட பெட்ஷீட்டெல்லாம் விரிச்சு வச்சீங்களே, அன்னிலேருந்து.

— நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா?

— நல்லாத்தான் சொன்னேன். அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு, சத்தம் வராம சொல்லிப் பார்த்தேன். மாமா. பாப்பா. உதட்டுல ரெண்டும் ஒண்ணுதாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. இந்த மனுஷன் நாம பேசறதைக் கேக்கல, பார்த்துப் படிக்கறார்னு.

— பாப்பாவுக்குன்னு கதவைத் திறந்தா, மீசையோட மாமா நிக்கறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— அவருக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளை எனக்காகப் பெட்ஷீட் மாத்தியிருக்கார்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கார்.

— சிரிக்காதே.

— சிரிக்கறது நீங்கதான்.

— முதல்ல காலிங் பெல் கேக்காமப் போச்சு. கெட்டுப்போச்சுன்னு நானே கழட்டி ரிப்பேர் பார்த்தேன், ஞாபகமிருக்கா? அதுக்கப்புறம் குருவி. ஷூட்டிங்ல டைரக்டர், குருவிச் சத்தம் ஜாஸ்தியா இருக்கு, போனப்புறம் எடுக்கலாமான்னு கேப்பார். எனக்கு எந்தக் குருவின்னே தெரியாது. ஆமா, இருங்கன்னு கையைக் காட்டுவேன். அவரே கொஞ்சம் பொறுத்துப் போயிருச்சுன்னு சொல்வார், நானும் தலையாட்டுவேன். அப்புறம் பொம்பளைங்க குரல்.

— என் குரல்?

— இருக்கு. பக்கத்து வீட்டுல யாரோ பேசற மாதிரி. நீ பேசறேன்னு தெரியும். என்ன பேசறேன்னு தெரியாது.

— பாப்பா அழுதாங்க. அப்பா ஏன் இப்பல்லாம் என் போனையே எடுக்கறதில்ல, என் மேல ஏதாவது கோவமான்னு.

— எப்ப அழுதா? என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

— சொன்னேன். சமையக்கட்டுலேருந்து. இனிமே அங்கேருந்து எதுவும் சொல்ல மாட்டேன். விடுங்க.

— அவமேல எனக்கென்ன கோவம்? போன்ல அவ மூச்சு விடாம பேசுவா. நான் ஏதாவது இடம் மாத்திச் சிரிச்சு வச்சா? பரீட்சை போச்சுன்னு அவ சொல்றப்ப, சபாஷ்னு சொல்லிட்டா? அதான் எடுக்கறதில்ல.

— இதை அவகிட்டயே சொல்லியிருந்தா அவ்வளவு அழுதிருப்பாளா?

— வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? கண்ணு தெரியாதவன் கையில கேமராவைக் குடுப்பியா நீ?

— அதுக்காக டாக்டரைக்கூடப் பார்க்காம இருப்பீங்களா? விசாரிச்சுட்டேன். காதுக்கு மெஷின் வச்சா நிறையப் பேருக்கு நல்லாக் கேக்குதாம். வேற வைத்தியமும் இருக்காம்.

— மெஷினை மாட்டிட்டு ஹெட்போனை எங்க மாட்டறது? தலையிலயா?

— அதையும் டாக்டர்கிட்டயே கேளுங்க. நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க. பாப்பாவும் கூட வர்றா. பாப்பா. மாமா இல்ல.

— அவளுக்கும் சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். அப்பாடான்னு இருக்கு, அப்பா என்னை வெறுக்கலன்னு சொன்னா. காது போச்சுன்னு சொன்னதுக்கு சந்தோஷப்பட்ட முதல் ஆளு அவளாத்தான் இருக்கும்.

— கழுதை. சரி. வர்றேன்.

— நெஜமா?

— நெஜமா வர்றேன். ஆனா அடுத்த மாசப் படத்தை இப்பவே வேணாம்னு சொல்லிடறேன். ரெக்கார்டரை அந்த நெட்டையன்கிட்டயே குடுத்துடலாம். ரொம்ப நாளா அதைத் தடவித் தடவிப் பார்க்கறான்.

— எதுக்குங்க? டாக்டர் என்ன சொல்றார்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாமே.

— எதுக்கா? பதியறப்ப கோட்டைப் பார்த்துச் சத்த அளவு வைப்பேன். சேர்க்கறப்பவும் கண்ணுதான். படத்துல ஆரம்பத்துல அடிக்கற கிளாப் கட்டை மூடற பிரேமைப் பிடிப்பேன். சத்தக் கோட்டுல முள்ளு மாதிரி நிக்கற இடத்தைப் பிடிப்பேன். ரெண்டையும் ஒட்டினா வேலை முடிஞ்சுது. இத்தனை நாள்ல ஒண்ணுகூடத் திரும்பி வரல. அந்தத் தைரியத்துலதான் ஓட்டிட்டிருந்தேன். இப்ப அதுவும் போச்சு.

— போகல.

— போச்சும்மா. கிளாப் அடிச்ச கையோட ஹால்ல எவனோ கதவைச் சாத்தியிருப்பான். அந்த முள்ளைப் பிடிச்சு வச்சுட்டேன்போல. திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் நிக்கும். எது கட்டை, எது கதவுன்னு காது இருக்கறவனுக்குத்தானே தெரியும்? உனக்குக் கேட்ட உடனே தெரிஞ்சுது பாரு.

— நான் சொல்றதைக் கொஞ்சம்...

— நீ சமாதானம் சொல்லாதே. அந்தப் பையன் அவங்கம்மாவைப் பத்திப் பேசறப்ப முன்வரிசைல பாதிப் பேர் கண்ணைத் தொடச்சாங்க. எனக்கு ஒரு வார்த்தை கேக்கல, ஆனா அந்த முகங்களைப் பார்த்தேன். அதைப் போய்ப் பொம்மலாட்டமாக்கி வச்சிருக்கேனே! காலைல டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி அவனை நேர்ல பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். வீடு எங்கன்னு சொல்லு.

— அங்க போகாதீங்க. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது.

— தெரியாமலா போன் பண்ணினான்?

— முகத்தைத் திருப்பாதீங்க, என் உதட்டையே பாருங்க. இதை ரெண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வராது. அவன் போனே பண்ணல. நீங்க சேர்த்தது ஒரு பிரேம்கூடப் பிசகாம நின்னுச்சு. இன்னிக்குக் காலைல உக்காந்து அந்தச் சத்தத்தை நகத்தி வச்சது நான்தான்.