முதல் பாலம் வரைக்கும்

— முடியவே முடியாதுன்னுட்டாங்க. ஒத்த ஆளுக்குப் படகு தரமாட்டாங்களாம்.

— யாரு சொன்னது?

— படகுத்துறை ஆபீஸ்ல இருந்த பொண்ணு. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு பேரும் திடமா இருக்கணும், காலையிலயே வந்து ஓட்டக் கத்துக்கணும். அப்பதான் சாவியே கையில குடுப்பாங்களாம்.

— அதுக்கா என்னைத் தேடி இத்தனை மாடி ஏறி வந்த?

— என்ன செய்யறது, லிஃப்ட் ரிப்பேர்னு எழுதி ஒட்டியிருக்கு. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல!

— ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் என்னைக் கூப்பிடுது, இது மட்டும் கூப்பிடல. சரி, இங்க பாரு, நிக்காத. நாற்காலி ஒண்ணுதான், நீ உக்காரு. நான் டூல்ஸ் பெட்டி மேல உக்காந்துக்கறேன்.

— பரவாயில்ல, நீங்க உக்காருங்க.

— என்ன இது புதுசா, நீங்க வாங்கன்னு? அத்தனை வருஷம் நீ வா போன்னவதானே?

— விவாகரத்து ஆனப்புறம் நீ வா போன்னா நல்லாருக்காது.

— கோர்ட்டுல அதையும் சேர்த்தா எழுதிக் குடுத்தாங்க?

— சரி சரி. வந்த விஷயத்தப் பேசுவோம். நான் போய்க் கடையத் தொறக்கணும்.

— ஞாயித்துக்கிழமை கூடவா கண்ணாடிக் கடை?

— ஞாயித்துக்கிழமைதான் ஜனங்களுக்குக் கண்ணு தெரியலங்கறதே ஞாபகம் வருது.

— டீ போடறேன், இரு. சக்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா? பாத்தியா, அதுக்குள்ள மறந்துட்டேன்.

— ஒண்ணு. டம்ளரும் ஒண்ணுதான் இருக்கு போல.

— நீ அதுல குடி. நான் அப்புறம் கழுவிக் குடிச்சுக்கறேன்.

— ஜன்னல எதுக்குப் பேப்பர் ஒட்டி மூடி வச்சிருக்கீங்க? வெயிலா?

— வெயில் இல்ல. எதிர் வீட்டுல ஒரு குடும்பம். எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவாங்க. நான் இங்க தட்டக் கையில வச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு நிப்பேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஒட்டிட்டேன். அத விடு, கையில என்ன, மேப்பா?

— ஆபீஸ்ல குடுத்தாங்க.

— அட! இது நம்ம கால்வாய்தானே? கல்யாணம் ஆன புதுசுல போகலாம் போகலாம்னு இருந்தோமே!

— அதேதான்.

— இங்க பாரு, இங்க வரிசையா மதகு இருக்கும். படகு உள்ள போனதும் பின்னால கதவ மூடித் தண்ணிய விட்டா, படகு தானா மேல ஏறும். லிஃப்ட்டேதான். கம்பி வடம் கிடையாது, மோட்டார் கிடையாது, வெறும் தண்ணி! அத ஒரு தடவ கிட்ட நின்னு பாக்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா?

— தெரியாமயா? நம்ம கல்யாண போட்டோக்காரர்கிட்டயே சொன்னீங்களே.

— ஒருத்தர் கயித்தப் பிடிக்கணும், ஒருத்தர் கதவத் திருப்பணும். அதனாலதான் ரெண்டு பேர் கேக்கறாங்க.

— நான் மதகு இருக்கற பக்கமே போகல. இதோ, இந்தப் பக்கம். கடைசி வரைக்கும் சமமான தண்ணி. மெதுவாப் போயி, கரையோரமாக் கட்டிட்டு, ரெண்டு நாள்ல திரும்பிடுவேன்.

— அந்தப் பக்கம் என்ன இருக்கு? ரெண்டு கரையும் வெறும் புல்லு.

— எனக்குப் புல்லு போதும்.

— உனக்கு நீச்சலே தெரியாதே.

— மிதவைச் சட்டை குடுப்பாங்க.

— படகக் கட்டத் தெரியுமா? இந்தா, இந்தக் கயித்தப் பிடி. நாற்காலி கால்தான் கரைன்னு வச்சுக்கோ. ஒரு சுத்து, அடியில விடு... ம்ஹூம், அப்படி இல்ல. இழுத்தா இறுகணும், தட்டினா அவுரணும். இன்னொரு தடவ போடு.

— இப்ப?

— இப்ப சரி. கை மட்டும் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?

— விடுங்க. நான் சொல்றதக் கேளுங்க. வர்ற வெள்ளிக்கிழமை காலையில நீங்க வந்து கையெழுத்துப் போடணும், கூட நின்னு கத்துக்கணும். என்கூட ஏறணும். முதல் பாலம் வந்ததும் இறங்கிடலாம். அங்கிருந்து பஸ் இருக்கு.

— இறங்கிடறதா?

— ஆமா.

— நல்ல கதையா இருக்கே! ஊர் பாக்க ஏத்திட்டு, ஒரு வளைவு திரும்பினதும் தள்ளி விட்டுடுவியா?

— தள்ளல. நிறுத்தித்தான் இறக்குவேன்.

— இதுக்கு உன் தங்கச்சியக் கூப்பிட்டா வரமாட்டாளா?

— படகா, உனக்கென்ன பைத்தியமான்னு கேட்டா. கடையில கூட இருக்கற பொண்ணுக்குக் கைக்குழந்தை. அப்புறம் போன்ல ஒவ்வொரு பேரா தள்ளிப் பாத்தேன். அத்தனையும் கஸ்டமர். உங்க கண்ணாடி ரெடி, வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்றதுக்கு வச்சிருக்கற நம்பரு. எனக்காக ஒரு காலை நேரம் வந்துட்டுப் போக அதுல ஒரு ஆள் இல்ல. கடைசிலதான் உங்க பேரு வந்துச்சு.

— கடைசிலயா?

— லிஃப்ட்டுன்னு போட்டு வச்சிருக்கேன். ‘ல’ கடைசிப் பக்கம்தானே வரும்?

— என் போன்லயும் அதே கதைதான். உள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிடுவாங்க. பயப்படாதீங்க, பேசிட்டே இருங்கம்பேன். என்கிட்ட அவங்க சொல்லாத கதை இல்ல. கதவு தொறந்ததும் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுவாங்க... இங்க பாரு, நான் லீவு போடறேன். ரெண்டு நாளும் முழுசா வர்றேன்.

— வேணாம்.

— நீ உள்ள படுத்துக்கோ. நான் முன்னால பெஞ்சுல படுத்துக்கறேன். சமையல் என் பொறுப்பு. என்ன சிரிப்பு? இப்ப எனக்கு நல்லாவே சமைக்க வரும். ஒத்த ஆளுக்கு அளவு வைக்கறதுதான் வரமாட்டேங்குது.

— வேணாங்க.

— பேசக்கூட மாட்டேன், சும்மா ஓட்டறது மட்டும். ஏன், சொல்லிட்டு வரமாட்டேன்னு நெனைக்கறியா?

— எத்தனை தடவ பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிருக்கேன்? யாரோ எங்கயோ மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வரும். இதோ வந்துட்டேன்னு கிளம்பிப் போவ. இப்ப வந்துடுவ, இப்ப வந்துடுவன்னு உடுத்தினத மாத்தாம உக்காந்திருப்பேன். அப்புறம் நானே பெட்டியப் பிரிப்பேன். நானும் மாட்டிக்கிட்டவதான். உனக்கு போன் பண்ணல, அவ்வளவுதான்.

— இப்ப ‘நீ’ன்னு சொன்ன.

— கோவத்துல வந்துடுச்சு. சரி, அத விடுங்க. உங்கம்மாவப் போய்ப் பாத்தீங்களா?

— போகணும். முதியோர் இல்லத்துல அவங்களுக்கு என்ன குறை? வேளாவேளைக்குச் சாப்பாடு, நர்ஸு, டீவி.

— கடைசியா எப்பப் போனீங்க?

— போனா, எப்படா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவன்னு கேப்பாங்க. எந்த வீட்டுக்கு? இந்த ரூம்ல எங்க படுக்க வைப்பேன்? என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சே நாள் போயிடுது. இத எதுக்கு இப்ப இழுக்கற? படகப் பத்திப் பேசு. நான் பாலத்துல இறங்கிட்டா, நட்ட நடுத் தண்ணியில நீ தனியாவா இருப்ப?

— தனியா இல்ல. நீங்க இறங்கற இடத்துல ஒருத்தர் ஏறுவாங்க. அவங்களத் தூக்கி ஏத்தி விடறதுக்கும் நீங்கதான் வேணும்.

— ஓஹோ.

— என்ன ஓஹோ?

— ஒண்ணுமில்ல. முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு சமையல், பெஞ்சுன்னு உளறிட்டிருக்கேன். அந்த ஆளையே கையெழுத்துப் போடச் சொல்றதுதானே? நடுவுல நான் எதுக்கு?

— அவங்களால பிடிக்காம நிக்க முடியாது. திடமான ஆளுன்னு ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.

— நிக்க முடியாத ஆளா? யாரு?

— முதல்லயே சொன்னா யோசிச்சு சொல்றேம்பீங்க. அப்புறம் போனே எடுக்க மாட்டீங்க. அதனாலதான் சொல்லல.

— யாருன்னு கேக்கறேன்ல?

— அத்தை.

— எந்த அத்தை?

— எனக்கு ஏது ரெண்டு அத்தை? உங்களப் பெத்தவங்கதான். வாராவாரம் போய்ப் பாத்துட்டுத்தான் இருக்கேன். அவங்க கட்டில்லேர்ந்து பாத்தா மதில் சுவர் மட்டும்தான் தெரியும். தண்ணி மேல ஒரு தடவ போகணும்னு ஆசப்பட்டாங்க. இல்லத்து வண்டியில பாலம் வரைக்கும் கொண்டு வந்து விடறேன்னு இருக்காங்க.

— அம்மாவா... நான் வர்றேன்னதும் அம்மா என்ன சொன்னாங்க?

— நீ வர்றத இன்னும் சொல்லல. சொன்னா நம்பிடுவாங்க.