அவருடைய எட்டு இலக்க எண்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, சிங்கப்பூர்க் கணித வட்டத்து நண்பர்களே, வேலை முடிந்த கையோடு ஓடிவந்திருக்கும் சொந்தபந்தங்களே, எல்லாருக்கும் மங்களத்தின் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் 'கணிதச் செம்மல்' வேலாயுதம் ஐயாவைப் பற்றி நீங்கள் இவ்வளவு பேசிய பிறகு, அவரோடு வாழ்ந்தவள் பேசாமல் போகலாமா?

சனிக்கிழமைதோறும் இவர்கள் ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் கூடுவார்கள். ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். அது என்ன வகை என்றும் சொல்ல வேண்டும். வகை தப்பினால், சொன்னவர்தான் மேசைக்கே சூடாகக் குடிக்கத் தே வாங்கித் தர வேண்டும். என் வீட்டுக்காரர் அப்போதெல்லாம் ஒருநாளும் வாங்கியதில்லை. அவருக்கென்று ஓர் எண் இருந்தது: 73939133. அது பகா எண். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். "இத்தனை வடையைச் சம வரிசையா அடுக்கவே முடியாது மங்களம். ஒரே நீள வரிசையாத்தான் வைக்கணும்" என்றார். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது பகா எண்தானாம். அடுத்ததை எடுத்தாலும் அப்படியே. ஏழு மட்டும் தனியாக நிற்கும்வரை அப்படியே. இந்தக் குணமுள்ள எண்களில் அதைவிடப் பெரியது கிடையாதாம். எவ்வளவு பெருமை அவருக்கு, தானே பெற்ற பிள்ளை மாதிரி!

பிறகு மறதி நோய் வந்தது. அதிலிருந்து காப்பிக்கடைக்கு நானும் துணையாகப் போனேன். சில காலைகளில் என் பெயரையே தேடினார். அந்த எண்ணின் வாலும் உதிரத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை 7393913 என்றார். வட்டத்துச் சுந்தரம் தம்பி கணக்குப் பார்க்காமலே சரியென்று தலையாட்டினார். பாசத்தில்தான். ஆனால் இவர் முகம் சுண்டிப்போனது.

"பாக்காமலே சரிங்கிறியே, நான் என்ன பேஷண்ட்டா லா?"

சுந்தரம் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். பகா எண்தான். அன்று வீடுவரை நிமிர்ந்து நடந்து வந்தார்.

மாதம் போகப் போக எண் தேய்ந்தது. ஒவ்வொரு தடவையும் நண்பர்கள் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது பகா எண்ணாகவே நின்றது. ஐந்து இலக்கம்வரை வந்தாயிற்று. அடுத்து 7393 வர வேண்டும். இவர் 7391 என்றார். சரியென்று சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மேசைத் தோழி ரஷீதாதான் துணிந்தார்.

"அண்ணே, பத்தொம்பதால மிச்சமில்லாம போகுது."

"எத்தனை தடவை?"

"முந்நூத்தி எண்பத்தொம்போது."

இவர் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். பிறகு சிரித்தார். "அப்ப தே என் கணக்கு" என்று சொல்லி, தானே எழுந்து போய் எல்லாருக்கும் வாங்கி வந்தார். நோய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மருந்து கொடுத்தது நான். குளிப்பாட்டியது நான். ஆனால் கடைசி மூச்சுவரை அவரை வேலாயுதமாகவே வைத்திருந்தது யார்? தப்பைத் தப்பென்று சொன்ன நீங்கள் அல்லவா?

நேற்று சுந்தரம் தம்பி என்னிடம், "இனிமே மேசை எதுக்கு அண்ணி?" என்று அழுதார். தம்பி, இந்தச் சனிக்கிழமை மேசை உண்டு. அதற்கடுத்த சனிக்கிழமையும் உண்டு. அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வேன், தெரிந்த வகையைச் சொல்வேன். தாலி இழந்தவளாயிற்றே என்று யாரும் சரி போட்டுவிடாதீர்கள். கணக்குப் பாருங்கள். தப்பென்றால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எழுந்து போய்த் தே வாங்கி வருகிறேன்.