தம்பியிடம் கேட்டார்களாம்

லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

“தம்பியிட்டைப் போய் விருப்பம் கேட்டவையாம்! தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டாலே அரைமணித்தியாலம் யோசிக்கிறவன்” என்று அண்ணன் பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

“அவனுக்கு முப்பத்தைஞ்சு வயசு, அண்ணை. மூளை வளர்ச்சி குறைவெண்டால் விருப்பம் இருக்காதோ? அம்மா செத்தாப் பிறகு எங்கை இருக்கிறதெண்டு அவன்தான் முடிவெடுக்கவேணும். விளங்கப்படுத்துறது மட்டும்தான் என்ரை வேலை. நகரசபைக் கவுன்சில்காரரோட அப்பிடித்தான் எழுதி ஒப்பம் வைச்சனாங்கள்.”

“பெரிய ஒப்பந்தம்! ஆள் என்ன மந்திரியோ?”

“ரெண்டு வீட்டையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனான். வால்தம்ஸ்டோவில தன்ரை சிநேகிதரோட இருக்கப்போறானாம். உங்கடை வீட்டுக்கு வரமாட்டானாம்.”

அண்ணனின் சிரிப்பு நின்றது. “என்ரை வீட்டில என்ன குறை?”

“‘அண்ணை என்னைக் கதைக்க விடமாட்டார், எனக்கும் சேர்த்துத் தானே பதில் சொல்லுவார்’ எண்டவன்.”

“சும்மா புளுகாதை. அவன் அப்பிடிச் சொல்லவே மாட்டான். அவன் என்ன சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியாதோ?”