சந்தனம் பட்ட திருத்த அட்டைகள்

என் பெயர் ஹேமாம்புஜம், வயது 27, தகப்பனார் ராமஸ்வாமி, செங்கல்பட்டு மாவட்டம் திருவள்ளூர் மணவாள நகரில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் கம்ப்யூட்டர் பிரிவில், இயந்திரம் படிக்கும் அட்டைகளில் துளையிடும் வேலை பார்க்கிறேன். விசாரித்ததன் பேரில் சொல்வதாவது:

எங்கள் கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆளும் அடிப்படை புரோகிராமில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு வேலையின் கணக்கு தன் இடத்தை மீறி இன்னொன்றின் இடத்தில் எழுதிவிடும். இதை அடைக்க, இயந்திரத்தை விற்றவர்கள் சில திருத்த அட்டைகள் அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் முதல் வேலையாக அவற்றைச் செலுத்த வேண்டும். அதை ஆபரேட்டர் பாக்கியநாதன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இந்த 1978-ஆம் வருடம் ஆயுத பூஜையன்று மேலாளர் கிருஷ்ணஸ்வாமி, இயந்திரத்துக்குப் பொட்டு வைத்ததோடு திருத்த அட்டைகளையும் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டேன். தவறாகப் படவில்லை.

மறுநாள் காலையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த அந்த அட்டைகளை இயந்திரம் படிக்காமல் வெளியே தள்ளிவிட்டது. அதன் பிறகு பாக்கியநாதன், "இது இல்லாம ஓட்டினா ஒண்ணு எடத்துல இன்னொண்ணு பூந்துக்கும் சார். ஒரு மணி நேரம் குடுங்க, இவங்க புதுசா அடிச்சிக் குடுத்துருவாங்க" என்று என்னைக் காட்டிக் கெஞ்சினார். அதற்கு மேலாளர், "ஒரு நாள் இல்லேன்னா குடியா முழுகிடும்? நல்ல நேரம் போறது, ஓட்டுங்கோ" என்றார். அதன் பிறகு அட்டைகள் இல்லாமலே இயந்திரம் ஓடியது.

சாயங்காலம் சரக்குக் கணக்கு இடம் மீறி, தொழிலாளர் வருகைப் பதிவு முழுவதையும் அழித்துவிட்டது. பாக்கியநாதன் தொழிற்சங்கத்துக்காரர் என்பதால் அவரே வேண்டுமென்று அழித்ததாக மேலாளர் புகார் கொடுத்ததில் அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை யாரும் அழிக்கத் தேவையே இல்லை. திறந்து கிடந்த ஓட்டை தானாகச் செய்தது. ஓட்டை இருப்பதும் தெரியும், அடைக்கும் வழியும் எங்கள் கையில் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

குப்பைக் கூடையில் கிடந்த அந்த அட்டைகளை எடுத்து வைத்திருந்தேன். இப்போது ஒப்படைக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா ஒன்றை முகர்ந்து பார்த்தார். பாக்கியநாதன் கிறிஸ்தவர், பூஜையன்று விடுப்பில் இருந்தார். அவர் மனைவி சாராள் இப்போதும் ஸ்டேஷன் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறார்.

இந்த வாக்குமூலத்தால் என் வேலை போகலாம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளக் கேட்கிறேன். புதிய அட்டைகள் அடித்துத் தருகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். "இப்போ அடிச்சா, அன்னிக்குப் போடலேன்னு நாமளே ஒத்துண்ட மாதிரி ஆயிடும்" என்று மறுத்துவிட்டார். ஆகையால் பாக்கியநாதன் லாக்கப்பில் இருக்கும் இந்த நேரத்திலும் இயந்திரம் அதே ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நிஜம்.

(ஒப்பம்) ரா. ஹேமாம்புஜம்