செவ்வாய்க்கிழமைப் பாடு

பழவேற்காட்டு பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாகக் கிடந்தாலும், எனக்கு முன்னால் ஏறியவரைக் கேட்காமல் நான் உட்காரமாட்டேன். வரிசை என்றால் வரிசைதான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் குப்பத்தில் இறாலுக்குப் பாடு, அதாவது முறை, உண்டு. ஏழு பேர், வாரத்தில் ஏழு நாள். அவரவர் நாளில் அவரவர்தான் ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வலை கட்டலாம். ஒருவன் ஊரில் இல்லையென்றால் அவன் நாள் வரிசையில் அடுத்தவனுக்கு. என் நாள் செவ்வாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சின்னப்பன் அங்கே பிணமாக மிதந்தான். பார்த்துச் சொன்னவன் நான் என்பதால் முதல் சாட்சியும் நான்தான். அவனோடு வாய்த்தகராறு செய்திருந்த புதன்கிழமைக்காரன் சிங்காரத்தைப் போலீஸ் பிடித்தது.

கோர்ட்டில் சிங்காரத்தின் வக்கீல், அங்கே வேறு யாருமே இல்லையா என்று என்னைக் கேட்டார். படித்த மனிதர் அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது இல்லையென்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கோபால் இருந்தான் என்றேன். விசாரணை நடக்கும்போதே சாட்சியத்தில் இன்னொருவன் சிக்கினால், அவனையும் குற்றவாளிக் கூண்டுக்கு அழைக்க ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டாம். அவனுக்காகச் சாட்சிகளை முதலிலிருந்து விசாரிக்கவும் வேண்டுமாம். மறுபடி நான் ஏறினேன். கோபாலின் வக்கீலும் அதையே கேட்டார். பச்சைமுத்து என்றேன். அடுத்த சுற்றில் மோகன்குமார். அதற்கடுத்து பிரதாப். கூண்டில் இடம் போதாமல் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டார்கள்.

வாய்க்கு வந்த பெயரையெல்லாம் நான் சொல்லவில்லை. புதனில் ஆரம்பித்தது போலீஸ். நான் வியாழன், சனி, ஞாயிறு, திங்கள் என்று தொடர்ந்தேன். வெள்ளி சின்னப்பனுடையது, அவன்தான் செத்துவிட்டானே. உள்ளே போனவர்களின் நாளெல்லாம் முறைப்படி என்னிடம் வந்து சேர்ந்தது. ஏழு நாளும் என் வலைதான். நான் கேட்டு வாங்கவில்லை.

கோபாலின் மனைவி காசியம்மாள் ஒருநாள் என் படகருகே வந்து நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு நாங்க பொண்ணு பாக்க ஆரம்பாக்கம் போயிருந்தோம். நீதானே வண்டி குடுத்தே?"

"ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். அடுத்தது வியாழன். நான் இன்னா பண்றது?"

அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு கை இறால் அள்ளிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

போன வாரம் பிரதாப்பின் வக்கீலும் வேறு யாரும் இல்லையா என்றார். திங்கள் முடிந்திருந்தது. தருமன் என்றேன். எந்தத் தருமன் என்று ஜட்ஜ் நிமிர்ந்து கேட்டார். சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறவன்தான் என்றேன்.

ஆமாம், ஐயா. சின்னப்பன் என் நாளில் வலை கட்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கு மருந்து வாங்க வேண்டும், இந்த ஒரு தடவை விட்டுவிடு என்றான். தண்ணீர் இடுப்பளவுதான். அவன் கை கால் அடங்கும்வரை தலையை அமுக்கிப் பிடித்திருந்தேன். மற்ற ஐந்து பேரும் அந்தப் பக்கமே வரவில்லை. அவர்களை இனி விட்டுவிடலாம்தான், ஆனால் பிடித்த வரிசையிலேயே விடுங்கள்.

அடுத்தவன் நாளில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.