மிச்சம் எட்டு கிராம்

அன்னிக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னு தெரியணும், அவ்வளவுதானே? சொல்றேன், உக்காரு. மூணாம் வார்டு தலைமை நர்ஸ். தட்டெடுக்கற அம்மா. ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு கை கழுவிக்கிட்டிருந்த டாக்டர். பதினோராம் கட்டில்காரர். அப்புறம் நான், என் தராசு. நீ இல்ல. நீ கீழ கிச்சன்ல இருந்தே. சமைக்கறவங்க வார்டுக்குள்ள வரக்கூடாது. ஆஸ்பத்திரி விதி அது, நான் போட்டதில்ல.

உக்காருன்னேனே. நின்னுக்கிட்டே கேட்டா பதிலும் நின்னுக்கிட்டேதான் வரும். சரி, நில்லு, உன் காலு.

ஆமா, உன் கறி அடைச்ச குடைமிளகாயைப் பட்டியல்லேர்ந்து அடிச்சது நான்தான். கீழ இருக்கற கையெழுத்து என்னோடது. இந்த ஆஸ்பத்திரில எந்தத் தட்டுல என்ன வைக்கணும்னு சொல்றதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க? காரணம் உப்பு. ஒரு வேளைக்கு ஒண்ணரை கிராம்தான் எல்லை. உன்னோடது ஒண்ணு புள்ளி ஏழு. இதோ, சீட்டைப் பாரு.

அளந்துதான் போட்டியா? எல்லாரும் அளந்துதான் போடறாங்க. அப்புறம் கை சும்மா இருக்காம இன்னொரு சிட்டிகை.

சத்தே இல்லன்னு நான் சொன்னேனா? யாரு, அந்த நர்ஸ் சொன்னாளா? அவ வாயில என் பேரு வந்தா பாதியை நீயே கழிச்சுக்கோ. ஒரு மிளகாய்க்குள்ள எண்பது கிராம் கொத்துக்கறி வைக்கறே, ரெண்டு கரண்டி சோறு, வெங்காயம், தக்காளி. ரெண்டு மிளகாய் சாப்பிட்டா முப்பத்து மூணு கிராம் புரதம். பச்சைக் கறியை நிறுத்துட்டு வெந்த கறியோட கணக்கை எழுதற தப்பைப் பாதிப் பேர் பண்றாங்க. நான் பண்ணல. கறில இரும்புச்சத்து, மிளகாய்ல வைட்டமின் சி. வேகறப்ப அதுல கொஞ்சம் போயிடும், ஆனா நீ நறுக்குன்னு இருக்கறப்பவே இறக்கிடறே, அதனால நிறைய நிக்குது. அதையும் கவனிச்சு எழுதியிருக்கேன். ரெண்டும் பொருத்தமான ஜோடின்னு, என் கையாலயே. எழுதறப்ப கை கூசத்தான் செஞ்சுது.

ஆனா தட்டுல வச்ச சத்து வேற, வயித்துக்குள்ள போன சத்து வேற. அதனாலதான் திரும்பி வர ஒவ்வொரு தட்டையும் நிறுக்கறேன். நீங்கல்லாம் என் முதுகுக்குப் பின்னாடி தராசம்மான்னு சொல்றீங்க, தெரியும். சிரிக்காதே. பேரு வச்சவங்களுக்குக் கொஞ்சம் அறிவிருக்கு.

உன் மிளகாயைப் போட்ட முதல் நாள் என்ன வந்துதுன்னு கேளு. ஆறாம் கட்டில்காரர் உள்ள இருக்கறதைத் தோண்டித் தின்னுட்டு மிளகாயை அப்படியே வச்சுட்டார். ஒன்பதாம் கட்டில் தோலை உரிச்சு உரிச்சு தட்டு ஓரமா காயப்போட்டிருந்தார். பதினொண்ணு? ரெண்டு காம்பு. பக்கத்துல பக்கத்துல, புதுசாக் கல்யாணம் ஆனதுங்க மாதிரி படுத்திருந்துது. மிச்சம் எட்டு கிராம். தராசு கெட்டுப்போச்சோன்னு வெறுந்தட்டை வச்சுப் பார்த்தேன். தராசு நல்லாத்தான் இருந்துது.

யாரா? நோயாளி, வேற யாரு? அறுபத்து நாலு வயசு. இன்னும் ரெண்டு கிலோ ஏறினாத்தான் கத்தி வைப்பேன்னுட்டார் டாக்டர். வந்த நாள்லேர்ந்து கஞ்சி, சூப்பு, முட்டை எல்லாம் போன மாதிரியே திரும்பி வந்துது. வீட்டுலேர்ந்து வர டப்பாவும் அப்படித்தான். நல்ல சாப்பாடும்மா அது. அளவா எண்ணெய், அளவா உப்பு, ஒரு குறை சொல்ல முடியாது. மூடியைத் திறந்து பார்ப்பார், யாருக்கோ வந்த லெட்டரைப் பிரிச்சுட்ட மாதிரி திரும்ப மூடிடுவார். உன் மிளகாய் வந்த வாரத்துல மட்டும் தொள்ளாயிரம் கிராம் ஏறினார்.

எனக்கு சந்தோஷம்தானே இருக்கணும்? இருந்துது. எழுதி வச்சேன்.

நீ எது வரைக்கும் படிச்சே? இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். பத்தாவது. ம்ம். நான் ரெண்டு பட்டம். ஒரு நாள் உன் கிச்சன் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். ஆமா, ஒளிஞ்சுதான் நின்னேன், அதுக்கென்ன இப்ப? கண்ணால அளக்கறே, மூக்கால நேரம் பார்க்கறே. விதையைச் சுரண்டிட்டு மிளகாயைக் கவுத்து வச்சே. அறுத்த மூடியை அந்தந்த மிளகாய் பக்கத்துலயே வச்சே. அடைச்சு முடிச்சதும் அதுக்கு அதோட மூடி. நாப்பது மிளகாய்க்கும். ஒண்ணு கூட மாறல. யாரு பார்க்கப் போறா இதைன்னு நினைச்சேன்.

வீட்டுக்குப் போய் நானும் செஞ்சேன். அதே எண்பது கிராம், அதே ரெண்டு கரண்டி. சீட்டை எதிர்ல ஒட்டி வச்சுட்டுச் செஞ்சேன். டப்பாவுல வச்சு மறுநாள் பதினோராம் கட்டிலுக்குக் கொண்டு போனேன்.

நான் ஏன் செய்யணுமா? பொறு, வரேன்.

ஒண்ணைக் கையில எடுத்தார். மூடியைத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். இது இதோட மூடி இல்லையேன்னார். அவ்வளவுதான். திரும்ப டப்பாவுல வச்சுட்டார். மூடிங்களை எடைப்படி அடுக்கி வச்சிருந்தேன் நான். எது எதோடதுன்னு எனக்கு எங்க தெரியும்? அதோட விட்டாரா? கீழேர்ந்து வரதுதான் சாப்பாடு, அதைச் சமைக்கறவங்களை ஒரு தடவை பார்க்கணும்னார். நர்ஸ் சிரிச்சா. தட்டெடுக்கற அம்மா வேற பக்கம் பார்த்தாங்க. டாக்டர் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கிட்டே இருந்தார். அன்னிக்கு அங்க இருந்தவங்க அவங்கதான். கேட்டியே, அதான் சொன்னேன்.

அப்புறமா? ரூமுக்கு வந்தேன். சீட்டை எடுத்தேன். உப்பு, ஒண்ணு புள்ளி ஒண்ணு. ரெண்டாவது ஒண்ணோட தலையில ஒரு சின்னக் கோடு போட்டேன். ஏழாயிடுச்சு. அவ்வளவு சுலபம். முப்பது வருஷத்துல ஒரு எண்ணைக் கூட நான் திருத்தினதில்ல, அதான் யாரும் சந்தேகப்படல. நீ அளந்துதான் போட்டிருக்கே.

இப்பவாவது உக்காரு. வேணாமா? சரி.

ஆறு நாளாச்சு. ஏறின தொள்ளாயிரத்துல எழுநூறு இறங்கியாச்சு. நேத்து தட்டுல கரண்டி கூட அழுக்காகல. புதுச் சீட்டு எழுதி வச்சிருக்கேன், இந்தா. ஒண்ணு புள்ளி ஒண்ணு. இந்தத் தடவை எண்ணுலயும் எழுதியிருக்கேன், எழுத்துலயும் எழுதியிருக்கேன், எவளும் கோடு போட முடியாது. நாளை மத்தியானத்துலேர்ந்து பதினோராம் கட்டிலுக்கு ரெண்டு வை. என் வீட்டுக்காரர்தான். முப்பத்தஞ்சு வருஷமாச்சு. ஒரு நாள் கூட என் கைச் சாப்பாட்டைச் சாப்பாடுன்னு சொன்னதில்ல, குறையும் சொன்னதில்ல. தின்னுட்டு எழுந்து போவார். பேசத் தெரியாத மனுஷன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

என்ன அப்படிப் பார்க்கறே? மன்னிப்புன்னு ஒரு கட்டம் இந்தச் சீட்டுல இல்லம்மா. ஏதாவது சொல்லணும்னா சொல்லு. திட்டணும்னாலும் திட்டு, கதவு சாத்தித்தான் இருக்கு.

சீட்டை எடுத்துக்கிட்டுப் போ. கதவை ஏன் இப்படித் திறந்து போட்டுட்டுப் போறே?

ஏம்மா, கிச்சன் இடது பக்கம். நீ வலது பக்கம் திரும்பறே. அது வார்டு. ஏப்ரனைக் கூடக் கழட்டாம எங்க போறே? நில்லு. சமைக்கறவங்க உள்ள போகக்கூடாது, கதவுல ஒட்டியிருக்கு, படி.

அவர் கேட்ட அன்னிக்கு மத்தியானமே ஒட்டினேன். என் கையெழுத்துதான்.