ஆற்றங்கரை வீட்டுப் பிளான்

— என்னா லா இது, வாகீஸ்வரியம்மா? வீடா, கோழிக்கூடா? நான் கேட்டது தொரை பங்களா. நீங்க வரஞ்சிருக்கிறது தூணு மேல நிக்கிற மலாய்க்காரங்க கம்பத்து வீடு!

— கோல சிலாங்கூர் ஆத்தோரத்தில நிலத்தை வாங்கிப்போட்டு, மேட்டு நிலத்தில கட்டுற துரை பங்களா கேட்டால் நான் என்ன செய்யிறது, முருகையா? உங்கட நிலம் களி. கடல் பெருகினால் ஆத்துத் தண்ணி திரும்பி வந்து முழங்கால் மட்டும் நிக்கும்.

— அறுவது லோரி செம்மண்ணு கொட்டிருவேன். லோரி என்னுது.

— கொட்டுங்கோ. ரெண்டு வருசத்தில சுவரெல்லாம் வெடிச்சு, உங்கட பங்களா சேத்துக்குள்ள இறங்கும். பிறகு நீங்கள் இருந்த தோட்டத்து லயத்து வீட்டை விடக் கேவலமாயிருக்கும்.

— வந்துட்டீங்களா லயத்துக்கு! தோட்டத்து ஆபீசு பெரிய கிராணி மவ இல்ல? உங்கப்பா செல்லையா கிராணி எங்களை வெயில்ல நிக்க வெச்சுத்தான் சம்பளத்துக்குப் பேரு கூப்புடுவாரு. அந்தத் திமிரு அப்படியே இருக்கு.

— அப்பாவை விடுங்கோ. நான் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தன், கொட்டுற மழையிலயும் போனன். காத்து கடற்பக்கத்தால வருது, சன்னலெல்லாம் அங்க பார்த்து வைச்சிருக்கிறன். ஒரு தென்னையும் வெட்டத் தேவையில்லை. வீடு எட்டடி உசரத்தில நிக்கும், தண்ணி கீழால வந்து கீழால போகும். இது விளங்குறதுக்குக் கொஞ்சம் ரசனை வேணும்.

— ரப்பர் வெட்டுனவனுக்கு ரசனை எங்கேருந்து வரும்? எனக்குத் தரையோட தரையாத்தான் வேணும்.

— தரையோட தரையா! தவளைதான் குடியிருக்கும்.

— இருந்துட்டுப் போவுது. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தாறுலயும் தூணு மேல குந்தணுமா? மாத்துங்க. இல்லாட்டி ரவாங் டவுனுல ஒரு ஆளு நாலு நாள்ல வரஞ்சு குடுத்துருவான்.

— குடுப்பான், நிலத்தைக் கண்ணாலயும் காணாமல்! பதினொரு படி, முருகையா. பதினொண்டுதான். லோரியில தாவி ஏறிற மனுசனுக்கு அது பெரிய கஷ்டமோ? வீம்பு! வெறும் வீம்பு!

— நான் முப்பதும் ஏறுவேன்.

— பிறகென்ன?

— வெளிய சொல்லக் கூடாதுன்னு எம்பொண்டாட்டி காத்தாயி சத்தியம் வாங்கியிருக்கா.

— எதை?

— சக்கரை வியாதியில, தீவாளிக்கு முன்னாடி அவ ரெண்டு காலையும் எடுத்துட்டாங்கம்மா.